இருபது எழுத்துக்கு நாற்பது ஷிஃப்ட்

சரவணகுமாருக்கு உட்காரத் தெரியாது. உப்புத் தரகு பார்க்கும் குடும்பத்தில் பிறந்தவன். உட்கார்ந்து பேசினால் விலை இறங்கிவிடும் என்பது அந்த வீட்டு நம்பிக்கை. அவன் அப்பா சிவப்பிரகாசம் இதோ கிளம்பிவிட்டேன் என்கிற தோரணையில் எழுந்து நின்றுகொண்டேதான் இத்தனை வருஷ வியாபாரத்தையும் முடித்திருக்கிறார். மகன் உப்பை விட்டுவிட்டு, மரக்காணம் பேருந்து நிலையத்துக்கு எதிரே செல்போன், கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை போட்டான். நிற்கிற பழக்கத்தை மட்டும் விட முடியவில்லை.

அன்று காலை பத்து மணிக்குள் சாமுண்டீஸ்வரியின் அறைக்கும் வாசலுக்கும் அவன் பதினைந்து நடை நடந்திருந்தான்.

"தம்பி, நீ ஒரு எடத்துல நில்லு. என் மூக்கப் பாக்குறதா உன்னப் பாக்குறதான்னு காமிரா கொழம்புது," என்றாள் கட்டிலில் சாய்ந்திருந்த சாமுண்டீஸ்வரி.

குழம்பியது உண்மைதான். அவளுக்கு முன்னால் சாய்வுப் பலகையில் ஒரு லேப்டாப். அதன் காமிரா அவள் மூக்கு நுனியைப் பார்த்துக்கொண்டே இருக்கும். மூக்கு போகிற பக்கமெல்லாம் திரையில் அம்புக்குறி போகும். திரையின் கீழ்ப்பாதியில் பெரிய பெரிய கட்டங்களாக ஒரு கீபோர்டு. ஒரு கட்டத்தின்மேல் அம்புக்குறி ஒரு நொடி நின்றால் அந்த எழுத்தை அழுத்தியதாகக் கணக்கு. நாலு வருஷத்துக்கு முன் உப்பு மூட்டை ஏற்றும்போது லாரியிலிருந்து விழுந்து கழுத்தெலும்பில் அடி. அன்றிலிருந்து சாமுண்டீஸ்வரிக்குத் தலையும் நாக்கும்தான் சொன்ன பேச்சைக் கேட்கின்றன. "ஊர் விஷயத்துல எல்லாம் மூக்க நுழைக்கிறவன்னு என்னச் சொல்லுவாங்க. இப்ப மூக்காலதான் பொழப்பே," என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். மற்றவர்கள் சிரித்தால் பிடிக்காது.

பிழைப்பு இன்னும் கைக்கு வரவில்லை என்பதுதான் பிரச்சினை. உடல் ஊனமுற்றவர்களுக்கு வீட்டிலிருந்தே செய்கிற வேலை பிடித்துக் கொடுக்கும் அமைப்பு ஒன்று புதுச்சேரியில் இருக்கிறது. கையால் நிரப்பிய விண்ணப்பங்களைப் பார்த்து ஆங்கிலத்தில் பெயரும் விலாசமும் ஏற்றுகிற வேலை. பத்தாம் வகுப்பு வரை படித்த சாமுண்டீஸ்வரிக்கு அது கை வந்த, இல்லை, மூக்கு வந்த வேலை. ஆனால் தேர்வு எழுத வேண்டும். ஆளுக்கு மூன்று வாய்ப்பு. இரண்டு போய்விட்டது.

முதல் தடவை, பாதித் தாளில் வில்லியம் என்று ஒருவர் பெயர் வந்தது. முதல் எழுத்து டபிள்யூவை அழுத்தினாள். அதற்கு முன்னால் சேமிக்க அழுத்திய கன்ட்ரோல் கீ மாட்டிக்கொண்டிருந்திருக்கிறது. கன்ட்ரோலும் டபிள்யூவும் சேர்ந்தால் திறந்திருக்கிற பக்கம் மூடிக்கொள்ளும். தேர்வே மூடிக்கொண்டது. இரண்டாவது தடவை ஆரோக்கியம். கன்ட்ரோலோடு ஏ சேர்ந்தால் எல்லாவற்றையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும். அடுத்து எந்த எழுத்தைத் தொட்டாலும் அத்தனையும் போய் அந்த ஓர் எழுத்து மட்டும் மிஞ்சும். நாற்பது நிமிஷம் ஏற்றியதெல்லாம் போய், வெள்ளைத் தாளில் ஓர் ஆர் உட்கார்ந்திருந்தது.

மூன்றாவது வாய்ப்பு இன்றைக்குப் பிற்பகல் மூன்று மணிக்கு.

இதில் சரவணகுமாருக்கு என்ன என்று கேட்டால், அந்தக் கீபோர்டே அவன் கைவேலை. வெளிநாட்டில் யாரோ எழுதி இலவசமாக இணையத்தில் போட்டிருந்த மென்பொருளை இறக்கி, உள்ளே கைவைத்து, அவளுக்கு ஏற்றபடி மாற்றிக்கொடுத்திருந்தான். கட்டங்களைப் பெரிதாக்கினான். தேவையில்லை என்று அவனுக்குத் தோன்றிய கீகளைத் தூக்கினான்; கேப்ஸ் லாக் அதில் முதலில் போனது, இடத்தை அடைக்கிறது என்று. மாட்டிக்கொள்கிறது என்று அவள் முதலில் சொன்னபோது, "ஒரு நாள் வேலக்கா" என்றான். அது பதினைந்து நாளுக்கு முன்னால். பேருந்து நிலையத்து டீக்கடையிலும் சொல்லியிருந்தான். நம்ம ஊரிலேயே ஓர் அம்மா மூக்கால் வேலை பார்க்கிறதே, அது நம்ம சாப்ட்வேர் என்று. சரக்கைக் காட்டாமலே விற்றுவிட்டு அலைகிற வியாபாரியின் நிலைமை இப்போது அவனுக்கு.

பிழை என்ன என்பதில் அவனுக்குச் சந்தேகம் இருக்கவில்லை. நம் கையால் என்றால் ஷிஃப்ட்டை ஒரு விரலில் பிடித்துக்கொண்டு இன்னொரு விரலால் எழுத்தை அடிப்போம். சாமுண்டீஸ்வரிக்கு இருப்பது ஒரே மூக்கு. அதனால் ஷிஃப்ட்டை ஒருமுறை அழுத்தினால் அது அடுத்த எழுத்து வரும் வரைக்கும் பிடித்து நிற்க வேண்டும். எழுத்து விழுந்ததும் தானாக விட்டுவிட வேண்டும். கன்ட்ரோலுக்கும் அதேதான். இந்தத் தானாக விடுவதில்தான் எங்கோ ஓட்டை என்று முடிவு கட்டி, பதினைந்து நாளாக அந்த இடத்தை நாலு விதமாகத் திருப்பி எழுதியிருந்தான். ஒவ்வொரு தடவையும் லேப்டாப்பைக் கடைக்குக் கொண்டுபோவான், எழுதுவான், தன் மவுஸால் தட்டிப் பார்ப்பான். தங்கம் மாதிரி வேலை செய்யும். கொண்டுவந்து வைப்பான். மறுநாள் போன் வரும்: "தம்பி, மாட்டிக்குது."

இன்றைக்குக் கடைக்குக் கொண்டுபோய் வர நேரமில்லை. அதனால் இங்கேயே நின்றான்.

"இப்ப அடிச்சிப் பாருங்க. புதுசா எழுதியிருக்கேன்."

அவள் அடித்தாள். குழந்தைசாமி என்று ஆரம்பித்தாள். கே பெரிய எழுத்தில் விழுந்தது. யூவும் பெரிய எழுத்தில் விழுந்தது.

"பாத்தியா," என்றாள்.

சரவணகுமார் வாசலுக்குப் போய்ச் சாலையைப் பார்த்துவிட்டு வந்தான். சாலையில் அவனுக்காக ஒன்றும் வரவில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கமிருந்து உப்புக் காற்று மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. சித்திரை வெயிலில் அதுவும் சூடாக.

போன் அடித்தது. புதுச்சேரியிலிருந்து ஜான்சி. அந்த அமைப்பில் இவர்களுக்குப் பொறுப்பான பெண். பேச்சில் கண்டிப்பும் கரிசனமும் கலந்திருக்கும், எது எப்போது வரும் என்று சொல்ல முடியாது.

"சரவணகுமார் சார், மூணு மணிக்கு லிங்க் வரும். அக்கா ரூம்ல தனியா இருக்கணும். வேற ஆளு காமிராவுல தெரிஞ்சாலோ கொரல் கேட்டாலோ கேன்சல். இது கடைசி சான்ஸ், ஞாபகம் இருக்குதுல்ல?"

"ஒரு வாரம் தள்ளி வெச்சுக்கலாமா மேடம்? இல்லன்னா ரெண்டு நாளு?"

"முடியாது சார்."

"சரி, நாளைக்குக் காலையில?"

"சார், இது இன்னா மீன் மார்க்கெட்டா?"

பேரம் பேசுவது அவனுக்கு மூச்சு விடுவது மாதிரி. கேட்காமல் இருந்தால்தான் உடம்புக்கு ஏதோ என்று அர்த்தம். போனை வைத்தான். கடைசியில் அறிவுள்ளவன் முதல் நாளே செய்திருக்க வேண்டிய ஒன்றைச் செய்தான். எந்தக் கீ எப்போது அழுத்தப்படுகிறது என்று மென்பொருளே வரிசையாகக் குறித்து வைக்கும்படி நாலு வரி சேர்த்தான். அரை மணி நேரம் அவளைப் பெயர்களாக அடிக்கச் சொன்னான். பிறகு அந்தப் பட்டியலைத் திறந்து எண்ணினான்.

அவள் அடித்த பெயர்களில் வர வேண்டிய பெரிய எழுத்துகள் இருபது. ஷிஃப்ட் அழுத்தப்பட்டிருந்தது நாற்பது தடவை.

ஓட்டை தானாக விடுகிற இடத்தில் இல்லை என்று தெரிந்ததும் சரவணகுமாருக்கு முதலில் வந்தது நிம்மதி. தன் சரக்கில் குற்றமில்லை. இரண்டாவதாக வந்தது வாய். அதை அவன் அடக்கியிருக்கலாம்.

"அக்கா, மிஷின் சரியாத்தான் இருக்குது. நீங்கதான் ரெண்டு ரெண்டு தடவ அழுத்துறீங்க."

சாமுண்டீஸ்வரி திரையிலிருந்து கண்ணை எடுத்தாள்.

"யாரு, நானா?"

"இங்க இருக்குது பாருங்க. நாப்பது தடவ. தல ஆடுதோ என்னவோ. கழுத்து நிக்கலன்னா சொல்லுங்க, தலவாணிய மாத்தி வெக்கலாம்."

"எனக்குக் கழுத்துக்குக் கீழதான் போச்சு சரவணா. மேல இருக்குறது நல்லாத்தான் இருக்குது." அவள் தம்பி என்பதை விட்டுவிட்டுப் பேரைச் சொன்னால் காரியம் கெட்டது என்று அர்த்தம். "உப்புப் பாத்தியில பதினெட்டு வருஷம் நின்னவ. ஒரு வேலய ரெண்டு தடவ செஞ்சான்னு எந்த மேஸ்திரியும் என்னச் சொன்னது கெடயாது. உன் மிஷினத் தூக்கினு போ."

முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். திருப்பிக்கொள்ள அவளிடம் இருந்தது அது ஒன்றுதான். அதை முழுசாகச் செய்தாள். திரையில் அம்புக்குறி ஓர் ஓரத்தில் போய் முட்டிக்கொண்டு நின்றது.

மணி பன்னிரண்டு. சரவணகுமார் சமாதானமாக மூன்று விதத்தில் பேசிப் பார்த்தான். சுவர் கேட்டுக்கொண்டது. இனி அவளைத் திருப்பக்கூடிய ஆள் ஒருவர்தான். எப்படியும் இரண்டு மணிக்கு அவளைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தூக்கி உட்காரவைக்க அவர் வந்தாக வேண்டும். வண்டியை எடுத்தான்.

அவள் கணவர் ராஜாங்கம் ஒப்பந்தத்துக்கு எடுத்த பாத்தி உப்பளத்தின் உட்பகுதியில் இருந்தது. வரப்பு வரப்பாக வண்டியை ஓட்டிக்கொண்டு போனால் இரண்டு பக்கமும் வெள்ளைக் கண்ணாடி மாதிரி பாத்திகள். கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் பார்க்க வேண்டும். ராஜாங்கம் வரப்பின் மேல் குந்தி, எதிரே மடை வாயில் தண்ணீர் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேல்பாத்தியில் காய்ந்து முற்றிய தண்ணீர் ஒரு முழ அகல வாய் வழியாகக் கீழ்ப்பாத்திக்கு மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணே, கெளம்புங்க. அக்கா மூஞ்சியத் திருப்பிக்கிச்சி."

"நீ இன்னா சொன்ன?"

"நான் ஒண்ணும் சொல்லல."

"ஒண்ணும் சொல்லலன்னா அவ திருப்ப மாட்டாளே."

"ரெண்டு தடவ அழுத்துறீங்கன்னு சொன்னேன்."

ராஜாங்கம் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "ஏம்பா, அத சொன்னியா? பதினெட்டு வருஷமா ஒரே வேலய என்னத்தான் ரெண்டு தடவ செய்யச் சொல்லுவா. அவளப் போயி அப்படிச் சொல்லலாமா?" தண்ணீரைப் பார்த்தார். "போலாம். பாத்தி ரொம்பட்டும். இன்னும் கால் மணி நேரம்."

"கால் மணி நேரமா? மூணு மணிக்குப் பரிச்சண்ணே. பத்து நிமிசம்?"

"தண்ணிகிட்ட பேரம் பேசு, எறங்கி வந்தா நானும் வர்றேன்."

சரவணகுமார் வரப்பில் நாலு அடி இந்தப் பக்கம் போனான், நாலு அடி அந்தப் பக்கம் போனான். பக்கத்துப் பாத்தியில் ஒருவர் பலகையால் உப்பு இழுத்துக்கொண்டிருந்தார், பச்சமுத்து. அவரைப் பார்த்ததும் யோசனை வந்தது.

"பச்சமுத்தண்ணே, ரொம்பினதும் இந்த மடைய கொஞ்சம் மூடிடுங்களேன். நாங்க கெளம்புறோம்."

பச்சமுத்து நிமிரக்கூட இல்லை. "எனக்கெதுக்குப்பா ஊர் வம்பு? அவரு தொறந்தது, அவரு மூடட்டும்."

உப்பளத்தில் இது எழுதாத சட்டம். மடையைத் திறந்தவர்தான் மூட வேண்டும். சரியாக மூடாத மடை வழியாக ராத்திரியெல்லாம் உப்பு முற்றாத இளந்தண்ணீர் இறங்கினால், கீழே பத்து நாள் வெயிலில் பூத்திருந்த உப்பு விடியும்போது கரைந்து கிடக்கும். அப்புறம் யார் விட்டது என்று மண்டை உடையும். அதனால் எவரும் இன்னொருவர் மடையைத் தொடுவதில்லை. சரவணகுமார் தரகர் வீட்டுப் பிள்ளை; உப்பைக் குவியலாகத்தான் பார்த்து வளர்ந்தவன். இதெல்லாம் ஆட்கள் நேரம் கடத்துவதற்குச் சொல்கிற கதை என்று அவன் அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறான்.

கால் மணி நேரம் நடந்துகொண்டே பார்த்தான். தண்ணீர் குறியிட்ட இடத்தைத் தொட்டது. ராஜாங்கம் முழங்காலில் கை ஊன்றி மெதுவாக எழுந்துகொண்டிருந்தார். இவர் எழுந்து, மண்வெட்டியைத் தேடி, மண் வெட்டி முடிப்பதற்குள் மூன்று மணி ஆகிவிடும் என்று சரவணகுமாருக்குத் தோன்றியது. செருப்பை உதறினான். பேண்டைத் தூக்கிக்கொண்டு இறங்கினான். கையால் சேற்றை வாரி மடைவாயில் அப்பி, காலால் ஒரு மிதி மிதித்தான். வழுக்கி, விழாமல் நின்றான். தண்ணீர் நின்றுவிட்டது. மோசமான வேலை என்று சொல்ல முடியாது.

"ஆச்சு. வாங்கண்ணே."

ராஜாங்கம் அவன் மூடியதைப் பார்த்தார். குறை ஒன்றும் சொல்லவில்லை. மண்வெட்டியை எடுத்தார். வரப்பிலிருந்து ஒரு கட்டி மண் வெட்டி, மூடியிருந்த மடையின்மேல் வைத்து, குதிகாலால் திருகி மிதித்தார்.

"நான்தான் மூடிட்டேனே," என்றான் சரவணகுமார்.

"நீ மூடின. நான் மூடலயே."

"தண்ணி நின்னுடுச்சிண்ணே. பாருங்க, ஒரு சொட்டு போவல."

"நிக்கட்டும். யாரு இல்லன்னா? தொறந்தது நானு. கால வெச்சி மிதிச்சாத்தான் வூட்டுக்குப் போனா சோறு எறங்கும்." மண்வெட்டியைத் தண்ணீரில் அலசினார். "நானாவது பரவால்ல. இதே எடத்துல உங்க அக்கா நின்னுனு இருந்தா, நான் மூடினதுக்கு மேல அவ ஒருதரம் வந்து மூடுவா. எங்களுக்குள்ள பாதி சண்ட அதுலதான்."

சரவணகுமார் சேற்றுக் காலோடு அப்படியே நின்றான். வாழ்க்கையில் முதல் தடவையாக நடக்காமல் நின்றான் என்று பச்சமுத்து பின்னால் சொன்னார்.

இருபது எழுத்துக்கு நாற்பது ஷிஃப்ட். அவள் ஷிஃப்ட்டைத் திறக்கிறாள். எழுத்தை விடுகிறாள். மென்பொருள் தானாக மூடுகிறது. அவளுக்கு அது கணக்கில் இல்லை. வேறு யாரோ மூடிய மடை. திரும்பப் போய்த் தன் மூக்கால் ஒரு மிதி மிதித்துவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போகிறாள். ஏற்கெனவே மூடியிருக்கிற மடையில் அந்த மிதி விழுந்தால் மென்பொருளுக்கு அது மூடுவது இல்லை, மறுபடி திறப்பது. கன்ட்ரோலிலும் அதேதான். திறந்தால் கட்டம் மஞ்சளாகத்தான் மாறும். ஆனால் அழுத்துகிற எந்தக் கட்டமும் ஒரு கணம் மஞ்சளாகும், அதற்குள் அவள் கண் விண்ணப்பத் தாளுக்குப் போய்விடும். வில்லியம் வந்தபோது மடை திறந்திருந்தது. ஆரோக்கியம் வந்தபோதும்.

அவளிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். அவள் தானாகச் சொல்லாததற்கும் காரணம் இருந்தது. சாப்பிட்டபின் கை கழுவினேன் என்று யாராவது சொல்லிக்கொண்டிருப்பார்களா?

"அண்ணே, ஏறுங்க," என்றான்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது ஒன்றே கால். ராஜாங்கம் உள்ளே போய் என்ன சொன்னாரோ, இரண்டு நிமிஷத்தில் சாமுண்டீஸ்வரியின் முகம் சுவரை விட்டுத் திரும்பியிருந்தது. முழுசாக இல்லை, பாதி. சரவணகுமார் கால் சேற்றோடு உள்ளே வந்தான்.

"அக்கா, தப்பு என்னுது."

"அத மொதல்லயே சொல்லியிருக்கலாம். கால் இன்னா ஆச்சு?"

"மடை மூடினேன்."

"நீயா? அப்ப அவரு போயி இன்னொருதரம் மூடணுமே."

"மூடிட்டாரு." அவன் லேப்டாப் பக்கம் போனான். எதையும் முதலில் மலிவாக முடிக்கப் பார்ப்பது அவன் ரத்தத்தில் உள்ளது. "அக்கா, ஷிஃப்ட்ட நீங்க மூட வேணாம். எழுத்து விழுந்ததும் அதுவே மூடிக்கும். திரும்பிப் போவாம இருந்தீங்கன்னா போதும். அவ்வளவுதான், வேற ஒண்ணும் மாத்த வேணாம்."

"தானா மூடிக்கிற மடைய நான் பாத்ததில்ல."

"இது மூடிக்கும்."

"மூடிக்கும்னு நீ சொல்ற."

"ஒரு அஞ்சு பேரு அடிச்சிப் பாருங்களேன்."

அடித்தாள். முதல் பெயரில் மூக்கு ஷிஃப்ட் பக்கம் பாதி தூரம் போய்த் திரும்பியது. இரண்டாவதில் போயே விட்டது. மூன்றாவதில் பல்லைக் கடித்துக்கொண்டு போகாமல் இருந்தாள். அந்தக் கடியில் ஓர் எழுத்தை விட்டுவிட்டாள். நாலாவதில் மறுபடி போனது. நெற்றியில் வேர்வை வழிந்து புருவத்தில் நின்றது. ராஜாங்கம் துண்டால் ஒற்றிவிட்டார்.

"வுடு தம்பி," என்றாள். "பதினெட்டு வருஷத்த ஒண்ணே முக்கா மணி நேரத்துல மாத்தச் சொல்ற. பரிச்ச எழுதுறதா, மூக்கப் புடிச்சினு இருக்குறதா?"

சரவணகுமார் வாசலுக்குப் போனான். அவன் பதினைந்து நாளாக உழைத்ததெல்லாம் தானாக மூடிக்கொள்வதற்குத்தான். நாலு தடவை எழுதி எழுதி அதை அப்படி நேர்த்தியாக்கி வைத்திருந்தான். உலகத்தில் எல்லா ஊர்க் கீபோர்டும் அப்படித்தான் வேலை செய்கிறது என்று அவளிடம் சொல்லலாம். உலகம் முழுக்க ஒரு விலை போகிற சரக்கை இந்த ஒரு வாடிக்கைக்காரர் வேண்டாம் என்றால், அப்பா என்ன செய்வார்? சரக்கைப் புகழ்வார். அதனால்தான் மகன் வேறு தொழிலுக்கு வந்தான்.

உள்ளே வந்து முதல் தடவையாகத் தரையில் உட்கார்ந்தான். லேப்டாப்பை மடியில் வைத்தான். எழுத்து விழுந்ததும் ஷிஃப்ட்டை விடுவிக்கிற அந்த வரியைத் தேடி அழித்தான். கன்ட்ரோலுக்கும் ஆல்ட்டுக்கும் அதே மாதிரி. இனி திறந்தால் திறந்தபடி இருக்கும், அவள் மூடும் வரை. அழித்தது மொத்தம் மூன்று வரி. பதினைந்து நாள் எழுதியதில் உருப்படியான வேலை அதுதான். பிறகு ஒன்று சேர்த்தான்: திறக்கும்போது கணீரென்று ஒரு சத்தம், மூடும்போது கட்டையாக ஒரு சத்தம். தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் காதுக்குத் தெரியும்.

"இப்ப?"

கணீர். கே. கட்டை. மீதி எழுத்தெல்லாம் சின்னதாக வரிசையில் வந்து நின்றன. அடுத்த பெயர். அதற்கடுத்தது. பத்துப் பெயர் முடித்ததும் திரையைப் பார்த்துக்கொண்டே, "சேத்துக் காலோட உள்ள வந்துட்ட. யாரு கழுவுறது?" என்றாள். சரவணகுமாருக்கு உயிர் வந்தது.

மூன்று மணிக்குள் அவளை நாற்காலியில் ஏற்றி, இடுப்பில் பட்டை கட்டி, காமிராவைச் சரிபார்த்து, கதவைச் சாத்திவிட்டு இருவரும் வெளியே வந்தார்கள். ஜன்னல் கொஞ்சம் திறந்திருந்தது. ராஜாங்கம் குழாயடியில் நிழல் பார்த்து உட்கார்ந்தார். சரவணகுமார் ஜன்னலிலிருந்து குழாய் வரைக்கும், குழாயிலிருந்து ஜன்னல் வரைக்கும் நடந்தான்.

கணீர். கட்டை. கணீர். கட்டை.

ஒவ்வொன்றையும் விரல் மடித்து எண்ணினான். ஒரு கணீருக்கு ஒரு கட்டை. ஒன்றுக்கு ஒன்று. அரை மணி நேரம் தப்பவில்லை.

"ஏம்பா, உக்காரு. எனக்குத் தல சுத்துது," என்றார் ராஜாங்கம், தணிந்த குரலில்.

"நீங்க பேசாதீங்க. கொரல் கேட்டா கேன்சல்."

"நீ நடக்குறதே கேக்கும்."

அப்போது உள்ளே கணீர் என்றது. சரவணகுமார் கட்டைக்காகக் காத்திருந்தான். வரவில்லை. பத்து எண்ணினான். முப்பது எண்ணினான். நூறு எண்ணினான். கன்ட்ரோலா, ஷிஃப்ட்டா? சத்தம் இரண்டுக்கும் ஒன்றாகத்தான் வைத்திருந்தான். அவசரத்தில் அதை யோசிக்கவில்லை. கன்ட்ரோல் திறந்து கிடந்தால் அடுத்து எந்தப் பெயர் வந்தாலும் போச்சு. தானாக மூடுகிற வரியை நானே அழித்தேனே. அந்த வரி இருந்திருந்தால் இந்நேரம் மூடியிருக்குமே. இருநூறு. ஜன்னல் பக்கம் போனான். ஒரு சத்தம் கொடுத்தால் போதும், அக்கா மூடுங்க என்று. கொடுத்தால் தேர்வு போச்சு. கொடுக்காவிட்டாலும் போச்சு. வாயைத் திறந்தான்.

பின்னாலிருந்து ராஜாங்கம் அவன் சட்டைக் காலரைப் பிடித்திழுத்தார். உப்பு வாரிய கை. விரல்கள் கழுத்தில் சொரசொரவென்று உரசின.

"அவ தொறந்தா அவ மூடுவா," என்றார் காதோரம்.

"மூடலயேண்ணே."

"ரொம்பலன்னு அர்த்தம்."

முந்நூற்றுப் பத்து எண்ணியபோது உள்ளே கட்டையாக ஒரு சத்தம் வந்தது. சரவணகுமார் குழாயைத் திறந்து முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டான்.

நாலே கால் மணிக்கு உள்ளேயிருந்து, "யோவ், வரலாம்," என்று குரல் வந்தது. இருவரும் கதவில் முட்டிக்கொண்டு நுழைந்தார்கள். திரையில் தேர்வு அனுப்பப்பட்டது என்று பச்சையாக ஒரு வரி.

"நடுவுல ஒண்ணு தொறந்து வுட்டீங்களே, அது இன்னாது?" என்றான் சரவணகுமார், வேறு எதுவும் கேட்கத் தோன்றாமல்.

"அதுவா? விலாசம். பிரம்மதேசத்து ஆளு. தெரு, ஊரு, அஞ்சல், வட்டம், மாவட்டம், அஞ்சு வரியும் முழுசா பெரிய எழுத்துல போடச் சொல்லியிருந்தான். நீதான் அந்த லாக்கு கீயத் தூக்கிட்டியே, பழைய மாதிரின்னா ஒவ்வொரு எழுத்துக்கும் ஒருதரம் தொறக்கணும். மூணு மணி நேரம் ஆவும். ஷிஃப்ட்டத் தொறந்து வுட்டேன், வரிசையா ரொம்பட்டும்னு. பின்கோடு நம்பர் வந்ததும் மூடிட்டேன்." அவள் அவனைப் பார்த்தாள். "ஏன், நீ இன்னா நெனச்ச?"

"ஒண்ணும் நெனைக்கல."

"ஜன்னல்கிட்ட உன் நெழலு வந்து வந்து போச்சு. ஒண்ணும் நெனைக்காதவன் நெழலு மாதிரித் தெரியல."

ஐந்து மணிக்கு ஜான்சி கூப்பிட்டாள். போனை ஸ்பீக்கரில் போட்டான். "அக்கா, ஷீட் முழுசா வந்திருக்குது. தப்பு ரெண்டே ரெண்டு, அதுவும் ஸ்பேஸ்தான். திங்கக்கிழமலருந்து சேந்துக்கலாம். வில்லியம்னு ஒருத்தர் பேரு வந்துச்சா?"

"வந்தாரு," என்றாள் சாமுண்டீஸ்வரி. "மரியாதையா உக்காந்துட்டுப் போனாரு."

ராஜாங்கம் சிரிக்காமல் அந்தத் துண்டை எடுத்து அவள் முகத்தைத் துடைத்தார். இந்தத் தடவை வேர்வை மட்டும் இல்லை. சரவணகுமார் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சார்ஜர் ஒயரைச் சுற்றினான். தரையில் தன் கால் சேறு காய்ந்து வெள்ளையாக உப்புப் பூத்திருந்ததைப் பார்த்து, ஈரத் துணி கேட்டு வாங்கித் துடைத்தான்.

"நாளைக்கு வந்து சத்தத்த மாத்துறேன்க்கா. கன்ட்ரோலுக்கு ஒண்ணு, ஷிஃப்ட்டுக்கு ஒண்ணு."

"வா. வரும்போது அந்த லாக்கு கீயயும் கொண்டாந்து வெய்யி. போறப்ப கதவ மூடிட்டுப் போ, காமிராவுல வெயிலு அடிக்குது."

கதவை மூடினான். நன்றாகவே மூடினான், தள்ளிப் பார்த்து, தாழ்ப்பாள் விழுந்த சத்தமும் கேட்டான். வண்டியில் சாவியைத் திருகுவதற்குள் உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது.

"யோவ், அந்தக் கதவ ஒருதரம் பாரு. மூடினது வியாபாரி வூட்டுப் புள்ள."